காலியாக இருந்த நாற்காலி

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



கூட்டங்களுக்கு ஒழுங்காக வரவேண்டியதன் அவசியத்தைப் பற்றி நான் பேச வேண்டும் என்று இம்முகாமை நடத்துவோர் கேட்டுக்கொண்டார்கள். கூட்டத்திற்கு வந்திருப்பவர்களிடமே வரவேண்டியதன் அவசியத்தை எடுத்துச் சொல்வது சற்று வேடிக்கையான காரியந்தான். ஆகையால் புத்திமதி சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பெரிய தேசத்தின் மந்திரிகள் ஏழு மாத காலம் தங்கள் கூட்டத்திற்கு வர மறுத்த வரலாறு அது. அந்தக் கூட்டத்தின் முன் இருந்த விவகாரமோ கோதுமையின் விலை, பாலின் விலை, விவசாயிக்குப் பணம் எங்கிருந்து வருவது என்பது. ஆகவே, இடம் தூரமானாலும் விஷயம் உங்களுக்கு அந்நியமானது அன்று.

ஆறு நாடுகள், ஒரு சந்தை

1957 ஆம் ஆண்டு மார்ச் 25 ஆம் தேதி பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் ரோம் நகரில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1958 ஜனவரி முதல் தேதி அது அமலுக்கு வந்தது. ஆறு நாடுகளுக்கும் ஒரே சந்தை என்பது அதன் நோக்கம். இச்சந்தையை நடத்த இரு முக்கிய அமைப்புகள் ஏற்பட்டன. ஒன்று, யோசனைகளைத் தயாரித்து முன்வைக்கும் கமிஷன். மற்றொன்று, அந்த யோசனைகளின் மீது முடிவு செய்யும் மந்திரிகள் கவுன்சில். ஒவ்வோர் அரசாங்கமும் தன் மந்திரி ஒருவரைக் கவுன்சிலுக்கு அனுப்பும். விவசாயத்தைப் பற்றிய கூட்டமானால் விவசாய மந்திரி வருவார். வெளிநாட்டு விவகாரமானால் வெளிநாட்டு மந்திரி வருவார்.

சாதாரண சர்வதேச மாநாட்டிற்கும் இக்கவுன்சிலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மாநாட்டில் ஒப்பாத நாடு எழுந்து வீட்டிற்குப் போய்விடலாம். இங்கே எடுத்த முடிவோ ஆறு நாட்டுக் குடியானவர்களையும் சட்டமாகக் கட்டுப்படுத்தும். நம் வழக்கில் சொன்னால், ஆறு ஊர்கள் ஒரே ஏரியிலிருந்து பாசனம் பெறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மடை திறக்கும் முறையை ஆறு ஊர்ப் பிரதிநிதிகளும் கூடித் தீர்மானிக்கிறார்கள். தீர்மானித்தபின் எந்த ஊரும் தன் இஷ்டப்படி மடையைத் திறக்க இயலாது. தன் அதிகாரத்தில் ஒரு பங்கை ஒவ்வோர் ஊரும் அந்தக் கூட்டத்திடம் ஒப்படைத்துவிட்டது. அப்படி ஒப்படைத்த பிறகு, அந்தக் கூட்டத்தில் உள்ள நாற்காலி ஊரின் மிகப் பெரிய சொத்தாகிவிடுகிறது.

விவசாயத்தில் அவர்கள் செய்த ஏற்பாடு மூன்று தூண்களின் மீது நின்றது. ஆறு நாடுகளிலும் விளைபொருளுக்கு ஒரே விலை. வெளியிலிருந்து மலிவாக வரும் தானியத்தின் மீது தீர்வை. விலை சரியும்போது கொள்முதல் செய்யவும், மிகுதியை ஏற்றுமதி செய்ய உதவவும் ஒரு பொது நிதி. இதை உருவாக்குவது எளிதாயிருக்கவில்லை. 1961 டிசம்பர் 31 ஆம் தேதிக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று கெடு வைத்துக்கொண்டார்கள். கெடு நெருங்கியும் பேச்சு முடியவில்லை. உடனே கடிகாரத்தை நிறுத்திவிட்டதாகப் பாவித்து, ஜனவரி 14 ஆம் தேதி வரை பேசி முடித்தார்கள்! இரவு பகலாக உட்கார்ந்து பேசினால் வழி பிறக்கும் என்ற நம்பிக்கை அவர்களிடம் இருந்தது.

1964 டிசம்பர் 15 ஆம் தேதி இன்னொரு பெரிய முடிவு ஏற்பட்டது. 1967 ஜூலை முதல் தேதியிலிருந்து ஆறு நாடுகளிலும் கோதுமைக்கு டன்னுக்கு 425 ஜெர்மன் மார்க் என்று ஒரே விலை நிர்ணயித்தார்கள். ஜெர்மன் விவசாயி பெற்றுவந்த விலை இதனால் குறைந்தது. அவருக்குப் பொது நிதியிலிருந்து ஈடு கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். பிரெஞ்சு விவசாயிக்கோ விலை உயர்ந்தது. மிகுதியாக விளைந்த பிரெஞ்சுக் கோதுமைக்குச் சந்தையும் கிடைத்தது. இந்த ஏற்பாட்டால் மிகுந்த லாபம் அடையக்கூடியவர்கள் பிரெஞ்சு விவசாயிகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1965 ஜூன் 30 இரவு

பொது நிதிக்குப் பணம் சேர்க்கும் ஏற்பாடு 1965 ஜூன் 30 ஆம் தேதியோடு முடிவதாக இருந்தது. அடுத்த ஏற்பாட்டிற்குக் கமிஷன் ஒரு யோசனை தயாரித்தது. கமிஷனின் தலைவர் ஜெர்மானியரான வால்டர் ஹால்ஸ்டைன். அவருடைய யோசனையில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன: விவசாய நிதி, தீர்வைப் பணமும் சுங்கப் பணமும் நேரே பொது நிதிக்குச் சேர்வது, அந்தப் பணத்தின் மீது ஐரோப்பியப் பார்லிமெண்டிற்குக் கூடுதல் அதிகாரம்.

பிரெஞ்சு ஜனாதிபதி டிகாலுக்கு முதலாவது வேண்டும். மற்ற இரண்டும் வேண்டா. தேசங்களின் அதிகாரம் ஒரு பொதுச் சபைக்குக் கைமாறுவதை அவர் விரும்பவில்லை. மேலும், 1966 ஜனவரி முதல் தேதியிலிருந்து பல விஷயங்களில் பெரும்பான்மை வாக்கினால் முடிவெடுக்கலாம் என்று ஒப்பந்தம் கூறியது. அதாவது பிரான்ஸ் எதிர்த்தாலும் பிரான்ஸைக் கட்டுப்படுத்தும் முடிவு பிறக்கக்கூடும். இது அவருக்குச் சிறிதும் உவப்பாயில்லை.

அந்த ஆறு மாதத்திற்குக் கவுன்சிலின் தலைமை பிரான்ஸின் முறையாக அமைந்திருந்தது. பிரெஞ்சு வெளிநாட்டு மந்திரி கூவ் த முர்வில் ஜூன் 30 ஆம் தேதிக் கூட்டத்திற்குத் தலைமை வகித்தார். நள்ளிரவு கடந்தது. முன்போல் கடிகாரத்தை நிறுத்திவிட்டு மேலும் பேசலாம் என்று மற்றவர்கள் விரும்பினார்கள். பின்னிரவு இரண்டு மணி அளவில், உடன்பாடு ஏற்படவில்லை என்று கூறி அவர் கூட்டத்தை முடித்துவிட்டார். சில நாட்களில் பிரஸ்ஸல்ஸில் இருந்த பிரான்ஸின் நிரந்தரப் பிரதிநிதி பாரிஸுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். அதன்பின் பிரெஞ்சு மந்திரிகள் கவுன்சிலுக்கு வரவில்லை. வரலாற்றில் இது 'காலி நாற்காலி நெருக்கடி' என்று பெயர் பெற்றது.

வராமையின் வலிமையும் அதன் எல்லையும்

ஒருவர் வராவிட்டால் ஐவர் கூடி முடிவு செய்யலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த நாளில் முக்கியமான விஷயங்கள் பலவற்றிற்கு ஏகமனதான சம்மதம் தேவைப்பட்டது. ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது: கூட்டத்திற்கு வந்திருந்தோ, தனக்காக மற்றொருவரை நியமித்தோ, வாக்களிக்காமல் இருப்பவரால் ஏகமனதான முடிவு தடைப்படாது. வராமலும் ஒருவரை நியமிக்காமலும் இருந்தால் முடிவு நிற்கும். பிரான்ஸ் பயன்படுத்தியது இந்த வலிமையைத்தான்.

மற்ற ஐவர் என்ன செய்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. அவர்கள் கோபித்துக்கொண்டு கலைந்துவிடவில்லை. பிரான்ஸை விலக்கிவிட்டுப் புதிய சங்கம் தொடங்கவும் இல்லை. ஜூலை மாதக் கடைசியில் கூடினார்கள். பிரான்ஸின் நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. அவசரமான சில்லறைக் காரியங்களுக்குக் கடிதமூலம் பிரான்ஸின் சம்மதம் பெற்றார்கள். பிரான்ஸும் கடிதத்திற்குப் பதில் எழுதியது. பெரிய விஷயங்கள் அப்படியே நின்றன. அக்டோபரில் ஐவரும் ஒப்பந்தத்தில் தாங்கள் உறுதியாக இருப்பதாக அறிவித்து, கமிஷன் இல்லாமல் மந்திரிகள் மட்டும் கூடிப் பேச வருமாறு பிரான்ஸை அழைத்தார்கள்.

இதற்கிடையில் நின்றுபோனது எது? விவசாய நிதியின் எதிர்காலம் நின்றுபோனது. பால், இறைச்சி, சர்க்கரை ஆகியவற்றிற்குப் பொது விலை நிர்ணயிக்கும் வேலை நின்றுபோனது. யாருக்கு இந்த ஏற்பாட்டால் அதிக நன்மையோ, அவர்களுடைய அரசாங்கமே கூட்டத்திலிருந்து வெளியேறியிருந்தது. வராமல் இருப்பதால் ஒரு முடிவைத் தடுக்க முடியும். வேண்டிய முடிவை உண்டாக்க முடியாது. பிரெஞ்சு விவசாயிக்கு வேண்டியிருந்ததோ தடை அன்று, விலை.

குடியானவர்கள் கேட்ட கேள்வி

இதைப் பிரெஞ்சுக் குடியானவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் ஜனாதிபதி தேர்தல் வந்தது. அந்நாட்டின் மிகப் பெரிய விவசாயிகள் சம்மேளனம் டிகாலுக்கு வாக்களிக்க வேண்டாம் என்று அக்டோபரிலேயே தன் அங்கத்தினர்களைக் கேட்டுக்கொண்டது. நாட்டை விடுவித்த வீரர் என்று போற்றப்பட்ட ஒருவரைப் பார்த்து, 'எங்கள் பிரதிநிதி ஏன் எங்கள் கூட்டத்திற்குப் போகவில்லை?' என்று கேட்பது போன்ற செயல் அது.

டிசம்பர் 5 ஆம் தேதி நடந்த முதற்சுற்றில் டிகாலுக்கு நூற்றுக்கு 45-க்கும் சற்றுக் குறைவான வாக்குகளே கிடைத்தன. முதற்சுற்றிலேயே எளிதில் வெல்வார் என்று பலரும் எதிர்பார்த்திருந்தார்கள். டிசம்பர் 19 ஆம் தேதி இரண்டாம் சுற்றில் மித்தெரானை எதிர்த்து நூற்றுக்கு 55 வாக்குகள் பெற்று வென்றார். அவர் முதற்சுற்றில் பின்வாங்கியதற்கு விவசாயிகளின் அதிருப்தி மட்டுமே காரணம் என்று சொல்வது மிகையாகும். எனினும் அது ஒரு காரணம் என்பதை வரலாற்றாசிரியர் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். தேர்தல் முடிந்த அடுத்த மாதமே பிரெஞ்சு மந்திரி மீண்டும் வந்து அமர்ந்தார்.

லக்சம்பர்க்கில் கண்ட வழி

1966 ஜனவரியில் லக்சம்பர்க் நகரில், அந்நாட்டுப் பிரதமர் வெர்னரின் தலைமையில் ஆறு மந்திரிகளும் இருமுறை கூடினார்கள். ஜனவரி 30 ஆம் தேதி ஓர் இணக்கம் ஏற்பட்டது. பெரும்பான்மையால் முடிவு செய்யக்கூடிய விஷயமாயினும், ஒரு நாட்டின் மிக முக்கியமான நலன் அதில் அடங்கியிருந்தால், எல்லோரும் ஏற்கும் முடிவைக் காண நியாயமான கால அளவுக்குள் முயல்வது என்று ஆறு நாடுகளும் ஒப்பின. முடிவு காணும்வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பிரான்ஸின் அபிப்பிராயம். ஐவர் அதை ஏற்கவில்லை. ஆயினும், இந்தக் கருத்து வேற்றுமையால் வேலை நிற்க வேண்டியதில்லை என்று குறித்துக்கொண்டு எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், பிரான்ஸ் வெறுங்கையோடு திரும்பவில்லை. பல ஆண்டுகள் கவுன்சிலில் பெரும்பான்மை வாக்கெடுப்பு அரிதாகவே நடந்தது. ஹால்ஸ்டைனும் 1967 இல் பதவியை விட்டு விலகினார். ஆனால் விவசாயிக்கு வேண்டிய முடிவுகள் எல்லாம் நாற்காலி நிறைந்த பிறகே பிறந்தன. 1966 மே மாதத்தில் விவசாய நிதி ஏற்பாடு முடிவாயிற்று. ஜூலையில் பால், மாட்டிறைச்சி, சர்க்கரை முதலியவற்றின் விலைகள் முடிவாயின. 1968 ஜூலை முதல் தேதி ஆறு நாடுகளுக்கிடையே சுங்கவரி அடியோடு ஒழிந்தது.

காலம் செல்லச் செல்ல, தடுக்கும் வலிமையும் குறைந்தது. 1982 மே 18 ஆம் தேதி பிரிட்டிஷ் மந்திரி கூட்டத்தில் அமர்ந்தே லக்சம்பர்க் இணக்கத்தைச் சுட்டிக்காட்டி, விவசாய விலை உயர்வுக்கு ஆட்சேபம் தெரிவித்தார். மற்றவர்கள் அதை ஏற்காமல் பெரும்பான்மை வாக்கால் விலையை நிறைவேற்றினார்கள். 1987 ஆம் ஆண்டிலிருந்து பெரும்பான்மை வாக்கெடுப்புக்குரிய விஷயங்கள் விரிவடைந்தன. 2014 நவம்பரிலிருந்து உள்ள விதிப்படி, கமிஷன் முன்வைக்கும் யோசனை பெரும்பாலும் நூற்றுக்கு 55 நாடுகளும், மக்கள்தொகையில் நூற்றுக்கு 65 பங்கும் ஆதரித்தால் நிறைவேறும். இன்று ஒருவருடைய நாற்காலி காலியாக இருந்தால் கூட்டம் நிற்பதில்லை.

அந்தக் கவுன்சிலுக்கு யார் வரலாம் என்பதற்கும் தெளிவான விதி உண்டு. மந்திரி அந்தஸ்து உடையவராக இருக்க வேண்டும். தம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும் வாக்குறுதி அளிக்க அதிகாரம் பெற்றவராகவும் இருக்க வேண்டும். வர இயலாத மந்திரி தம் வாக்கை மற்றொரு நாட்டு மந்திரியிடம் ஒப்படைக்கலாம். ஆனால் ஒருவர் ஒரே ஒருவருக்காகத்தான் அவ்வாறு வாக்களிக்க முடியும். 2019 ஆம் ஆண்டில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக ஆயத்தமான பிரிட்டன், தனக்கு மிக முக்கியமான கூட்டங்களுக்கு மட்டுமே இனி வருவதாக அறிவித்து, தன் வாக்கை அப்போது தலைமை வகித்த பின்லாந்திடம் ஒப்படைத்தது. வீட்டைக் காலி செய்பவர் சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுப்பதுபோல அது இருந்தது. 2020 ஜனவரி 31 ஆம் தேதி பிரிட்டன் வெளியேறியது.

நம் நெல்லும் ஒரு கூட்டமும்

இனி நம் நாட்டிற்குத் தொடர்புடைய ஒரு விதியைச் சொல்கிறேன். 1995 இல் தோன்றிய உலக வர்த்தக நிறுவனத்தில் 160-க்கு மேற்பட்ட அங்கத்தினர்கள் உண்டு. அங்கே வழக்கமாக வாக்கெடுப்பு இல்லை. ஒருமித்த கருத்தினால் முடிவு செய்வார்கள். ஒருமித்த கருத்து என்றால் என்ன? முடிவு எடுக்கும்போது கூட்டத்திற்கு வந்திருக்கும் அங்கத்தினர் எவரும் முறைப்படி ஆட்சேபிக்காவிட்டால் அது ஒருமித்த முடிவு. 'வந்திருக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வராதவர் எவ்வளவு எதிர்த்தாலும் அது கணக்கில் இல்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இங்கே வராதவர் சொல்லும் அம்பலம் ஏறாது. அந்த நிறுவனம் இருக்கும் ஜெனிவாவில் நிரந்தர அலுவலகம் வைக்க வசதியில்லாத சிறு நாடுகளும் உண்டு. அவர்களுடைய மௌனமும் சம்மதமாகிவிடுகிறது.

நீங்கள் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடுகிறீர்கள். அரசாங்கம் நிர்ணயித்த விலையில் அது வாங்கப்பட்டு, சேமிக்கப்பட்டு, நியாயவிலைக் கடைக்குப் போகிறது. வளரும் நாடு ஒன்று ஒரு பயிருக்கு இவ்விதம் அளிக்கும் உதவி, அப்பயிரின் மொத்த மதிப்பில் நூற்றுக்குப் பத்துக்குள் இருக்க வேண்டும் என்று உலக வர்த்தக விதி கூறுகிறது. அந்த உதவியைக் கணக்கிடுவதோ 1986 முதல் 1988 வரை நிலவிய பழைய விலையை ஆதாரமாகக் கொண்டு! 2013 டிசம்பரில் பாலித் தீவில் கூடிய மந்திரிகள் மாநாட்டில் இந்தியாவின் வர்த்தக மந்திரி ஆனந்த் சர்மா இதை விடாமல் எடுத்துரைத்தார். நிரந்தரத் தீர்வு காணும்வரை, அப்போது நடைமுறையில் இருந்த உணவுச் சேமிப்புத் திட்டங்கள்மீது வழக்குத் தொடுப்பதில்லை என்று, சில நிபந்தனைகளுடன் மற்ற நாடுகள் ஒப்புக்கொண்டன. 2014 ஜூலையில் வேறொரு வர்த்தக உடன்பாட்டுக்கான வேலை நடந்தபோது, இந்த வாக்குறுதி உறுதியாகும்வரை அதற்கு இசைய முடியாது என்று இந்தியா கூட்டத்தில் இருந்தே ஆட்சேபித்தது. நவம்பரில் அந்த உறுதி எழுத்தில் கிடைத்தது. 2024 இல் அபுதாபியில் கூடிய மாநாட்டிலும் நிரந்தரத் தீர்வு ஏற்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும் ஒன்று விளங்குகிறது: எதிர்ப்பதற்கும் உள்ளே இருக்க வேண்டும்.

நம் ஊர்க் கூட்டம்

பெரியோர்களே, இவ்வளவும் சொன்ன நானும் ஒரு காலத்தில் நாற்காலியைக் காலியாக விட்டவன்தான். இளமையில் எங்கள் ஊர்ப் பாசன சபையில் கடைமடைப் பகுதியின் அங்கத்தினனாக இருந்தேன். ஒரு கூட்டத்தில் தலைவருக்கும் எனக்கும் வாய்ச்சண்டை வந்தது. அடுத்த இரு கூட்டங்களுக்கும் நான் போகவில்லை. என் கோபத்தை ஊர் உணரட்டும் என்று வீட்டில் இருந்தேன். ஊர் உணரவில்லை. அந்த இரு கூட்டங்களில்தான் அவ்வாண்டு எந்த வாய்க்காலைத் தூர் வாருவது என்று முடிவாயிற்று. எங்கள் கடைமடை வாய்க்காலைப் பற்றி எவரும் தீமையாகப் பேசவில்லை. பேசவே இல்லை, அவ்வளவுதான். அவ்வாண்டு கடைசி வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை.

கடைசி வயலுக்குச் சொந்தக்காரியான ஒரு மூதாட்டி என்னைத் தேடி வந்தார். "போய்ப் பேசித் தோற்றுவிட்டு வந்திருந்தால் நான் ஒன்றும் கேட்கமாட்டேன் தம்பி. போகவே இல்லையாமே?" என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஆகையால் மூன்று விஷயங்களை மட்டும் உங்கள் யோசனைக்கு வைக்கிறேன். கூட்டத்திற்கு முன்பே நிகழ்ச்சி நிரலைப் படித்து, உங்களைத் தேர்ந்தெடுத்தவர்களிடம் அவர்கள் எண்ணத்தைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். கூட்டத்தில் ஒரு தீர்மானம் உங்களுக்குப் பிடிக்கவில்லையானால், இருந்து பேசி, உங்கள் ஆட்சேபத்தை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் செய்யுங்கள். வெளியே நின்று பேசும் பேச்சுக்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. மூன்றாவதாக, உங்கள் நாற்காலியில் நீங்களே அமருங்கள். தாய்மார்களுக்கு இதைச் சிறப்பாகச் சொல்கிறேன். ஊரார் தேர்ந்தெடுத்தது உங்களை. உங்கள் கணவரையோ மகனையோ அன்று. அவர்கள் நல்லவர்களாயிருக்கலாம். ஆனால் ஊரின் பெயரால் வாக்குக் கொடுக்கும் அதிகாரம் உங்களிடமே இருக்கிறது.

பிரஸ்ஸல்ஸில் காலியாக இருந்த நாற்காலி டிகாலுடையது அன்று, பிரெஞ்சுக் குடியானவர்களுடையது. எங்கள் பாசன சபையில் நான் காலியாக விட்டதும் என்னுடையது அன்று, அந்த மூதாட்டியுடையது. அடுத்த கூட்டத்தின் அறிவிப்பு உங்கள் கைக்கு வரும்போது இதைச் சற்று நினைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.